ஒரே மைனாவுக்கு இரண்டு ஊசிகள்

2018 ஜூலை 12, வியாழக்கிழமை. அன்றைய நாட்குறிப்பின் முதல் பாதியில் விசேஷமாக ஒன்றுமில்லை. காலையில் வெறிநாய்த் தடுப்பூசிக்கு வரிசை. முத்தியால்பேட்டையிலிருந்து வயிறு உப்பிய ஆடு ஒன்று. மிஷன் வீதிப் பெரியவர் தன் கிழட்டு நாயைக் கூடையில் தூக்கிவந்து அதற்கு நகம் வெட்டிக்கொண்டு, வழக்கம்போல் பிரெஞ்சில் "மெர்சி டாக்டர்" என்று சொல்லிப் போனார். மதியம் குளிர்பெட்டி பழுது. மருந்துகளை ஐஸ் பெட்டிக்கு மாற்றினோம். மாலை வெளிநோயாளிப் பிரிவை மூடும் நேரத்தில் ஒரு கூண்டு வந்தது. பக்கத்தின் மீதி முழுவதும் அந்தக் கூண்டைப் பற்றித்தான்.

கால்நடை மருத்துவத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். நான் விருப்ப ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. உங்களிடம் பெரும்பாலும் மாடும் ஆடும் நாயும்தான் வரும். பறவை எப்போதாவது வரும். மாட்டைப் பார்த்தால் மாடு என்று தெரியும். பறவை விஷயத்தில் அந்த முதல் படியிலேயே வழுக்கிவிட வாய்ப்பு உண்டு. அன்று நாங்கள் ஏறக்குறைய வழுக்கினோம்.

கூண்டைக் கொண்டுவந்தவர் முதலியார்பேட்டையைச் சேர்ந்த தனலட்சுமி. ஐம்பது வயதிருக்கும். கணவர் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடியபின் ஜவுளிக்கடை ஒன்றில் வாட்ச்மேன். கூண்டின் மேல் ஒரு பழைய நைட்டியைப் போர்த்தியிருந்தார்.

"மூச்சு வாங்குது டாக்டரம்மா. நேத்துலேருந்து தலைய தொங்கப்போட்டுக்கினு ஒரே எடத்துல குந்தினு இருக்குது."

"இன்னா பறவ இது?"

"மைனாதாம்மா. நாட்டு மைனா. நம்ம தெருவுல சுத்துதே, அதேதான். வேற ஒண்ணும் இல்ல."

'வேற ஒண்ணும் இல்ல' என்று ஏன் சேர்த்துச் சொன்னார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

துணியை விலக்கினேன். உள்ளே இருந்தது ஒரு மைனாவின் மிச்சம். தலையிலும் பிடரியிலும் இறகே இல்லை. தோல் மஞ்சளாகத் தெரிந்தது. அங்கங்கே பொருக்குத் தட்டியிருந்தது. உடம்பில் இருந்த இறகுகள் மங்கி, பழுப்பா கறுப்பா என்று சொல்ல முடியாத நிறத்தில் இருந்தன. வால் இறகுகள் கூண்டுக் கம்பியில் இடித்து இடித்து அடியோடு ஒடிந்திருந்தன. அலகு வெளிறியிருந்தது. போதாக்குறைக்கு, உடம்பு முழுக்க மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசியிருந்தார்.

"பேன் வந்துடுச்சு சார். அம்மைக்குப் பூசற மாதிரி பூசி உட்டேன்" என்றார் என்னுடன் இருந்த மருத்துவர் ஆரோக்கியராஜிடம்.

ஆரோக்கியராஜ் பணியில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாய் அதிகம், கை சுத்தம். "குளிப்பாட்டி, மஞ்ச பூசி, பொட்டு மட்டுந்தான் வெக்கல. மைனாவ கூண்டுல வெக்கறதே தப்பும்மா, தெரியுமா?" என்றார்.

"பறக்கத் தெரியாது சார் அதுக்கு. வெளிய உட்டா காக்கா கொத்திப் போட்டுடும்."

நாட்டு மைனாவுக்குப் பேன் தொல்லையில் தலை இறகு கொட்டிவிட்டால் அடியில் உள்ள தோல் பளிச்சென்று மஞ்சளாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட மொட்டைத்தலை மைனாக்களை நான் இந்த ஊரில் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் எனக்குச் சந்தேகம் எழவில்லை. பேன் ரத்தத்தை உறிஞ்சியிருக்கிறது, ரத்தம் குறைந்து மூச்சு வாங்குகிறது என்று இருவருமே முடிவு செய்தோம். வயிறு சற்று உப்பியிருந்தது. பூச்சியாக இருக்கலாம் என்றார் ஆரோக்கியராஜ், நானும் மறுக்கவில்லை.

"சாப்பிட இன்னா குடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"நான் இன்னா துன்றனோ அதான் அதுக்கும்."

"நீங்க இன்னா சாப்புடுவீங்க?"

"பொங்கலுக்கு முன்னாடி மயக்கம் போட்டு உழுந்துட்டேன்மா. கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனாங்க. ரத்தமே இல்லன்னுட்டாங்க. ஆட்டு ஈரல் துன்னு, முருங்கக்கீர துன்னு, பேரீச்சம்பழம் துன்னுன்னு சொல்லி டானிக்கும் குடுத்தாங்க. இதுவும் அப்பதான் சோர்ந்துபோயி இருந்துச்சு. சரி, ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்னு நான் துன்றப்பல்லாம் இதுக்கும் ஒரு வாய் குடுத்துடுவேன்."

"டானிக்குமா?"

"தண்ணிக் கிண்ணத்துல நாலு சொட்டு. நான் தேறிட்டேன். இதுதான் தேறல."

ஆரோக்கியராஜ் சிரித்துவிட்டார். "எங்க அம்மாகூட என்ன இப்படிக் கவனிச்சதில்ல." பிறகு என் பக்கம் திரும்பி, "பாருங்க மேடம், இவ்ளோ இரும்பு வாய் வழியாப் போயும் ஏறல. அப்ப குடல் ஏத்துக்கலன்னு அர்த்தம். ஊசியாப் போட்டாத்தான் ஆகும்" என்றார்.

இந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று இப்போது நீங்கள் யோசித்துப் பாருங்கள். அன்று எனக்குத் தெரியவில்லை. 'போட்டுடலாம்' என்றேன். அவர் இரும்பு மருந்தை ஊசியில் ஏற்றித் தட்டில் வைத்தார்.

பயந்த பறவையை உடனே கையில் பிடிக்கக் கூடாது. பிடித்த பிடியிலேயே உயிர் போய்விடும். கொஞ்சம் அடங்கட்டும் என்று மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, தனலட்சுமியிடம் பேச்சுக் கொடுத்தேன். பேசுமா என்று கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "பேசுமாவா? எங்க வூட்டுக்காரரு டெய்லி வேலைக்குக் கெளம்பும்போது 'மாத்தர போட்டியாடி'ன்னு கேப்பாரு. நான் உள்ள பாத்திரம் கழுவினே 'போட்டேன்யா, போட்டேன்யா'ன்னு கத்துவேன். வெளிய வந்து பாத்தா அவரு போயி ஒரு மணி நேரம் ஆயிருக்கும். இதுதான் கேட்டுனு இருக்கும். அச்சு அவரு கொரலு டாக்டரம்மா. கரகரப்பு, இருமலு எல்லாம் உண்டு. கட்டின பொண்டாட்டி எனக்கே வித்தியாசம் தெரியாது."

ஆரோக்கியராஜ், "அப்ப அவரு வூட்ல இல்லாதப்பகூட உங்கள நிம்மதியா உடல" என்றார். தனலட்சுமி சிரித்தார். வந்ததிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

நான் சிரிக்கவில்லை. நாட்டு மைனாவும் பேசும். ஆனால் நான் கேட்டவரை அது மைனாவின் குரலில்தான் மனிதனின் சொல்லைச் சொல்லும். யாருடைய குரல் என்று அடையாளம் காணும் அளவுக்கு அது நடிக்காது. எங்கேயோ ஒரு சின்ன உறுத்தல். இருந்தாலும் பெண்டாட்டி சொல்லும் கணவன் கதையில் கொஞ்சம் மிகை இருக்கும் என்று ஒதுக்கினேன்.

"கையில வருமா?" என்றேன்.

"கூண்டத் தொறந்தா தானா வரும்."

மேசைமேல் செய்தித்தாளை விரித்தோம். அவர் கூண்டைத் திறந்து ஒரு பேரீச்சம்பழத் துண்டை நீட்டினார். மைனா வாசலுக்கு வந்து, தயங்கி, இறங்கியது. பழத்துக்கும் அதற்கும் ஒரு முழ தூரம். இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து ஒரு தாவல். நின்று மூச்சு வாங்கியது. மறுபடி ஒரு தாவல்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். நாளை காலை பேருந்துக்குக் காத்திருக்கும்போது ஒரு நாட்டு மைனாவைப் பாருங்கள். அது நடக்கும். இடது, வலது, இடது, வலது என்று, வாடகை கேட்க வந்த வீட்டுக்காரர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடக்கும். அவசரத்தில்தான் தாவும். தரையில் மேய்ந்து வாழும் பறவைக்கு நடை வேண்டும். மலை மைனா அப்படியல்ல. அது காட்டில், உயர்ந்த மரங்களின் உச்சியில், பழம் தின்று வாழ்வது. தரைக்கு இறங்கும் தேவை அதற்கு அபூர்வம். கிளையில் பக்கவாட்டில் தத்தித் தத்தி நகரும். கீழே விட்டாலும் அதே தத்தல்தான். இதை நான் கண்ணால் கண்டதில்லை. படித்திருந்தேன். மலை மைனாவைக் கையில் பிடித்ததும் இல்லை. படத்தில் பார்த்ததெல்லாம் பளபளக்கும் கருப்பு உடம்பு, செம்மஞ்சள் அலகு, கண்ணுக்குக் கீழேயும் பிடரியிலும் தொங்கும் மஞ்சள் தோல் மடல்கள். என் முன்னால் இருந்ததில் அந்த அடையாளம் எதுவுமே மிஞ்சவில்லை. தத்தல் மட்டும் மிஞ்சியிருந்தது.

"ராஜ், ஊசிய வைங்க" என்றேன். "இது மலை மைனாவோ என்னவோ."

அவர் சிரிப்பு நின்றது. "மலை மைனாவா? மேடம், மலை மைனான்னா இரும்புதான் அதுக்கு எமன்." பழம் தின்னும் காட்டுப் பறவைகள் சிலவற்றுக்கு இந்தச் சிக்கல் உண்டு, படிக்கும்போது ஒரு வகுப்பில் இருவாச்சியையும் மலை மைனாவையும் வைத்துச் சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னார். காட்டுப் பழத்தில் இரும்பு குறைவு. அதனால் கிடைப்பதில் ஒரு துளியையும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் உடம்பு அவற்றுக்கு. ஈரலும் கீரையும் டானிக்கும் கொடுத்தால் அத்தனையும் கல்லீரலில் போய்ச் சேரும். கல்லீரல் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும், மூச்சு முட்டும். நாட்டு மைனாவுக்கும் இது வராமல் இல்லை. ஆனால் மலை மைனா இதற்குப் பெயர்போனது.

சொல்லிக்கொண்டே வந்தவர் கூண்டைப் பார்த்தார், பிறகு ஊசியைப் பார்த்தார். "அதுக்கு வைத்தியம் இரும்பு குடுக்கறது இல்ல மேடம். கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் எடுக்கறது."

இப்போது எங்கள் நிலைமையைப் பாருங்கள். நாட்டு மைனா, ரத்தச்சோகை என்றால் இரும்பு போட வேண்டும். அதன் உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாலும் தாங்காது. மலை மைனா, இரும்பு மிகுதி என்றால் ரத்தம் எடுக்க வேண்டும். இரும்பு போட்டால் விடியும்வரை தாங்காது. ஒரே பறவை, நேர் எதிரான இரண்டு ஊசிகள். எங்கள் ஆய்வகம் மூடிவிட்டது. பரிசோதனை முடிவு மறுநாள்தான் வரும். பறவை வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தால் மறுநாள்வரை எதுவும் செய்யாமல் விட முடியாது என்பதும் தெரிந்தது.

"தாவுதுன்றத மட்டும் வெச்சு ரத்தம் எடுக்கறதா?" என்றார் ஆரோக்கியராஜ். கேலி போய்விட்டிருந்தது. "கால் வலி இருந்தாலும் தாவுமே."

நியாயமான கேள்வி. பறவையை இலேசாகத் துணியில் பிடித்து உள்ளங்கால்களைப் பார்த்தோம். புண் இல்லை. எண்ணெயில் நனைத்த பஞ்சால் பிடரியில் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சளைத் துடைத்தேன். பொருக்குக்கு அடியில் தோல் கொஞ்சம் தடித்து, உச்சந்தலையை நோக்கி ஒரு வரம்புபோல் ஏறியது. வாடிப்போன மடலாக இருக்கலாம். கம்பி கிழித்து ஆறிய தழும்பாகவும் இருக்கலாம். அதற்குமேல் கழுவிப் பார்க்க அந்த மூச்சு இடம் கொடுக்காது. திரும்பக் கூண்டில் விட்டோம்.

இது எந்த மைனா என்று தெரிந்தவர் ஒருவர் அறையிலேயே இருந்தார்.

"அம்மா, இது மலை மைனாவா?"

"இல்லம்மா. அதான் சொன்னேனே, நாட்டு மைனா." தனலட்சுமி என்னைப் பார்க்காமல் சொன்னார். "கால்ல வலி இருக்கும். அதான் தாவுது."

ஆரோக்கியராஜ் சொன்னதையே பிடித்துக்கொண்டார். இந்தப் பணியில் நான் கற்ற ஒரு விஷயம்: ஒரு கேள்வியைக் கேட்குமுன், அதற்கு உண்மை சொன்னால் எதிரே இருப்பவருக்கு என்ன இழப்பு என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். மலை மைனாவை வீட்டில் வைத்திருப்பது காட்டுயிர்ச் சட்டத்தில் பெரிய குற்றம். நாட்டு மைனாவையும் வைத்திருக்கக் கூடாதுதான். ஆனால் அதற்குப் பெரும்பாலும் கண்டித்துவிட்டுப் பறவையை வாங்கிக்கொள்வார்கள். 'வேற ஒண்ணும் இல்ல' என்று அவர் முதலிலேயே சேர்த்துச் சொன்னது இப்போது புரிந்தது. நான் கேட்டது பறவையின் பெயர். அவர் காதில் விழுந்தது, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்பது.

ஆரோக்கியராஜை சூடு விளக்கு எடுத்துவர அனுப்பினேன். தட்டில் இரும்பு ஊசியின் பக்கத்தில் ஒரு காலி ஊசியை வைத்து, தட்டைத் தனலட்சுமியின் முன்னால் நகர்த்தினேன்.

"இதுல இருக்கறது இரும்பு. நாட்டு மைனான்னா இத்த போடணும். இது காலி. மலை மைனான்னா இதால ரத்தம் எடுக்கணும். மாத்திப் பண்ணா உசுரு போயிடும். வெளியிலேருந்து பாத்து எதுன்னு சொல்ற நெலமையில அது இல்ல."

"நீங்க டாக்டரு. என்னப் போயி கேக்கறீங்களே."

"வளத்தது நீங்கதானே."

தனலட்சுமி இரண்டு ஊசிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நான் ஒண்ணு சொன்னா, அத்த போயி எங்கயாவது சொல்லுவீங்களா?" என்றார்.

'சொல்லமாட்டேன்' என்ற ஒரு வார்த்தை போதும், உண்மை உடனே வந்திருக்கும். பறவையும் பிழைக்கும், அவரும் நிம்மதியாகப் போவார், மறுநாள் நான் வார்த்தை மாறியிருக்கலாம். அல்லது மாறாமல், பதிவேட்டில் நாட்டு மைனா என்றே எழுதியிருக்கலாம். இரண்டும் என் மனதில் வந்து போயின. ஆனால் பொய் சொல்லி வாங்கிய நோய் வரலாற்றை நான் எப்படி நம்புவது? அவரும் இனி எந்த மருத்துவரை நம்புவார்?

"பாரஸ்ட்டுக்குச் சொல்லித்தான் ஆகணும்மா. நீங்களே கொண்டாந்து குடுத்தீங்கன்றதையும் சேத்துச் சொல்வேன். கேஸ் வராதுன்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது."

"எம்புள்ள போலீஸ் செலக்‌ஷன்ல பாஸ் பண்ணிருக்கான். ஓட்டமெல்லாம் ஓடி, பரீட்சை எழுதி... இப்ப வெரிபிகேஷனுக்கு வர்ற நேரம். வூட்டு மேல ஒரு கேஸுன்னா இன்னா ஆவும்?" குரல் தழைந்தது. "சொல்லலன்னா இன்னா பண்ணுவீங்க?"

"ரெண்டுல ஒண்ண நானே எடுப்பேன். பெரும்பாலும் காலி ஊசியத்தான் எடுப்பேன். தப்பா இருந்தா, அது என் கையில சாவும்."

அவர் கூண்டைப் பார்த்தார். மைனா கண்ணை மூடியிருந்தது. அலகு மட்டும் திறந்து மூடியது. ஒரு பக்கம் சட்டைப் பொத்தான் அளவுள்ள மூடிய இரண்டு கண்கள், மறு பக்கம் மகன். நான் அவசரப்படுத்தவில்லை, அவசரப்படுத்த எனக்கு உரிமையும் இல்லை.

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்து, இரும்பு ஊசியை இரண்டு விரலால் எடுத்து மேசையின் அந்தக் கோடியில் வைத்தார்.

"இத்த அந்தாண்ட எடுத்துட்டுப் போவச் சொல்லுங்க" என்றார்.

அதற்குப்பின் எல்லாமே வந்தது. அவர் தம்பி வால்பாறைப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். காற்றில் முறிந்து விழுந்த மரத்தின் பொந்திலிருந்து இறகு முளைக்காத குஞ்சாக எடுத்து, அட்டைப்பெட்டியில் வைத்து ராத்திரி பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறார். "மொட்டப் பயலா வந்துச்சு. இப்பவும் மொட்டையாத்தான் நிக்குது" என்றார். காதோரத்தில் தொங்கிய மஞ்சள் 'ஜிமிக்கி' ஒரு வருடம் முன்னால் கம்பியில் மாட்டிப் புண்ணாகி உதிர்ந்ததையும் சொன்னார். பொந்து என்றதும், வால்பாறை என்றதும், ஜிமிக்கி என்றதும் என் சந்தேகம் தீர்ந்தது. ஒரு மனிதரின் குரலையே அச்சாக எடுத்துப் பேசுவதும் மலை மைனாதான். நான் பார்த்த அந்த வரம்பு தழும்பு அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் மைனாவுக்குப் பிடரி மடல் உச்சியை நோக்கி ஏறும். கண்ணருகே உள்ள மடலோடு சேராது. வடகிழக்கிலிருந்து வரும் இனத்துக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். படத்தில் பலமுறை பார்த்ததை விரலடியில் வைத்துக்கொண்டே நான் படிக்கத் தவறியிருந்தேன்.

ஆரோக்கியராஜ் விளக்கோடு வந்தார். மேசைக் கோடியில் இருந்த ஊசியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அதைக் கழிவுப் பெட்டியில் போட்டார். நான் பறவையைப் பிடித்துக்கொள்ள, அவர் முதலில் வயிற்று நீரைக் கொஞ்சமாக இறக்கினார். நீர் வந்தபோது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம், பூச்சி அல்ல. பிறகு மிகக் கொஞ்சம் ரத்தம்.  என் விரல்களுக்கு அடியில் ஒரு துடிப்பு. பறவையின் இதயத் துடிப்பா என் துடிப்பா என்று பிரித்தறிய முடியவில்லை. கூண்டில் ஒரு ஆப்பிள் துண்டு மட்டும் வைத்து, துணியைப் போர்த்தினோம்.

தனலட்சுமி கிளம்பவில்லை. "பொழைக்குமா?"

"தெரியலம்மா. ராத்திரி தாண்டணும்."

"தாண்டலன்னா..." என்று இழுத்தார். பிறகு தணிந்த குரலில், "செத்துப்போச்சுன்னா, அது இன்னா மைனான்னு யாரு கேக்கப் போறா?" என்றார்.

அது கேள்வி அல்ல, நினைப்பு. அதே நினைப்பு எனக்கும் அதே நொடியில் வந்தது. பறவை இறந்துவிட்டால் தோட்டத்தில் புதைத்துவிடலாம். அவர் மகனுக்கு ஒரு கெடுதலும் இல்லை. பிழைத்தால்தான் வழக்கு. வளர்த்தவள், அது பிழைக்க வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் ஒரே இரவில் வேண்டிக்கொள்ளும்படி ஆகிவிட்டது. அதை அவரே உணர்ந்துவிட்டார் என்று நினைக்கிறேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"காலையில நான் வர்றேன். வந்ததும் மொதல்ல நீங்க போன் போடுங்க. அதுக்கு அப்புறம் துணிய எடுங்க. அதுக்கு முன்னாடி எடுக்காதீங்க."

"ராத்திரி டாக்டர் ராஜ் பாத்துக்குவாரும்மா, அவரு பாக்காம இருக்க முடியாது."

"அவரு பாக்கட்டும். உங்ககிட்டயும் சொல்ல வேணாம், என்கிட்டயும் சொல்ல வேணாம்."

ஆரோக்கியராஜ் தலையசைத்தார். 

உங்களில் சிலர் இதைப் படித்து, சட்டத்தை முதலிலேயே சொல்லி அந்த அம்மாவைப் பயமுறுத்தியிருக்க வேண்டாம் என்று நினைக்கலாம். வேறு சிலர், வனத்துறையை அன்றே அழைத்திருக்க வேண்டும் என்று சொல்லலாம். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒன்று உறுதி: இறகு, மடல், அலகு, வால் எதிலும் அடையாளம் மிஞ்சாத ஒரு பறவையை நாங்கள் அன்று அடையாளம் கண்டது, அதை வளர்த்தவர் தன் பக்கம் இழுத்த ஒரு தட்டை வைத்துத்தான். அந்தத் தட்டை அவர் தொடும்படி ஒரு மருத்துவர் நடந்துகொள்ள வேண்டும். அதைப் பாடத்தில் சொல்லித்தர மாட்டார்கள்.

மறுநாள், வெள்ளிக்கிழமை. நான் போனபோது தனலட்சுமி ஏற்கனவே வாசல் படியில் நின்றிருந்தார். கூட, தலையை ஒட்ட வெட்டிய ஓர் இளைஞன். மகன்.

"ராத்திரியே சொல்லிட்டேன் இவன்கிட்ட" என்றார். "இவன் சமாச்சாரமாச்சே. இவனக் கேக்காம எப்படி?"

மகன் என்னைப் பார்த்து, "போன் போடுங்க மேடம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவன் கைகள் பின்னால் கட்டியிருந்தன.

ஆரோக்கியராஜ் கண் சிவந்து நாற்காலியில் இருந்தார். வாக்குப்படி எங்களைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் படிக்க முயன்றேன், முடியவில்லை. மேசைமேல் கூண்டு, போர்த்திய துணி அசையாமல் கிடந்தது.

கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் வனத்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மலை மைனா என்றேன். வளர்த்தவரே கொண்டுவந்தார், அவரே சொன்னார், இங்கேயே நிற்கிறார் என்றேன். அந்தப் பக்கம் அதிகாரி விவரத்தைக் குறித்துக்கொண்டார். "தானா வந்து ஒப்படைக்கறாங்கன்னா அப்படியே எழுதிக்கலாம் டாக்டர். மேல இருக்கறவங்க இன்னா சொல்லுவாங்கன்னு இப்ப என்னால சொல்ல முடியாது. பறவை உசுரோட இருக்குதா?"

"இன்னும் பாக்கல" என்றேன்.

"பாக்காமயேவா போன் பண்ணீங்க?"

"ஆமா."

போனை வைத்தேன். தனலட்சுமி தலையசைத்தார். மகன் கைகளைப் பின்னாலிருந்து எடுத்து, துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். மறுமுனையை நான் பிடித்தேன். விலக்கினோம்.

ஆப்பிள் துண்டில் பாதியைக் காணவில்லை. மீதிப் பாதியின் மேல் காலை ஊன்றியபடி மைனா எங்கள் நால்வரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது.